ஒரு எழுத்து மாறினால் நெல் காசும் நிற்கும்! ஆதார், ரேஷன், வாக்காளர் அட்டை தவறுகளை திருத்துவது எப்படி?

தஞ்சாவூர்:-

தங்கராசு, தங்கராஜ். ஊரில் கூப்பிடும்போது இரண்டும் ஒரே ஆள்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள். ஆதாரில் தங்கராசு, பேங்க் பாஸ்புக்கில் தங்கராஜ், பட்டாவில் பட்டப்பெயரோடு சேர்த்து இன்னொரு பெயர் என்று இருந்தால், கஷ்டப்பட்டு விளைவித்த நெல்லுக்கான காசு கூட கணக்கில் ஏறாமல் நின்று போகும்.

இந்தத் தொல்லையை அனுபவிக்காத வீடு தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் இருக்காது என்றே சொல்லலாம். முதியோர் உதவித்தொகை, பயிர் காப்பீடு, பி.எம்.கிசான் பணம், பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப், ஆஸ்பத்திரி காப்பீடு என்று எதைத் தொட்டாலும் முதலில் கேட்பது அட்டைதான். அட்டையில் தவறு இருந்தால் அவசர நேரத்தில்தான் அது தெரியவரும். அப்போது ஓடுவதை விட, இப்போதே எடுத்துப் பார்த்து சரி செய்துகொள்வது நல்லது. அதற்கான விவரம் வருமாறு:-

இனிஷியல் தகராறு

நமக்கு வடநாட்டுக்காரர்கள் போல குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். இங்கேதான் முதல் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அப்பா பெயர் சண்முகம் என்றால் ஒரு அட்டையில் 'எஸ். முருகேசன்' என்று இருக்கும். இன்னொன்றில் 'ச. முருகேசன்'. பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் 'முருகேசன் சண்முகம்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டிலும் இப்படித்தான் விரிவாக எழுத வேண்டி இருக்கும். ஆதாரில் சிலருக்கு இனிஷியலே இருக்காது. ஆள் ஒருவர், பெயர் நாலு!

2021 டிசம்பரில் தமிழக அரசு, தமிழில் பெயர் எழுதும்போது இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று உத்தரவிட்டது. அதனால் புதிய ஆவணங்களில் 'ச.' என்றும், பழைய ஆவணங்களில் 'எஸ்.' என்றும் இருப்பது சகஜம். தமிழில் இப்படி மாறுவது பெரிய தவறு அல்ல. ஆங்கிலத்தில் எல்லா அட்டையிலும் ஒரே எழுத்து இருக்கிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

கல்யாணமான பெண்களுக்கு இந்தத் தகராறு இரட்டிப்பு. பள்ளி சான்றிதழில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல். "கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியலை மாத்தியே ஆகணும்" என்று சிலர் சொல்வார்கள். அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. படித்த சான்றிதழில் உள்ள அப்பா இனிஷியலையே கடைசிவரை வைத்துக்கொள்ளலாம். மாற்றுவதாக இருந்தால் எல்லா அட்டையிலும் மாற்ற வேண்டும். பாதி மாற்றி பாதி விட்டால்தான் வம்பு.

லட்சுமியா, லெட்சுமியா?

அடுத்தது எழுத்துப் பிழை. நம் பகுதியில் லட்சுமியை 'லெட்சுமி' என்றும், செல்வராஜை 'செல்வராசு' என்றும், சுவாமிநாதனை 'சாமிநாதன்' என்றும் எழுதுவது வழக்கம். தமிழில் எழுதியதை இன்னொருவர் ஆங்கிலத்தில் டைப் செய்ய, அதை கம்ப்யூட்டர் மறுபடியும் தமிழுக்கு மாற்ற, கடைசியில் சொந்தக்காரருக்கே தன் பெயர் அடையாளம் தெரியாமல் போய்விடும். 'ழ', 'ள', 'ல' மூன்றும் இதில் படும் பாடு சொல்லி மாளாது.

ஊர் பெயரிலும் இதே கதை உண்டு. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி தமிழக அரசு உத்தரவு போட்டது. குழப்பம் வரும் என்று பேச்சு எழுந்ததும் சில நாட்களிலேயே அதை வாபஸ் வாங்கிவிட்டது.

மாவட்டம் மாறிய கதை

மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு குழப்பம் டெல்டாவாசிகளுக்கு உண்டு. ஒரு காலத்தில் எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம்தான். 1991-ல் நாகை மாவட்டம் பிரிந்தது. 1997-ல் திருவாரூர் தனி மாவட்டம் ஆனது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டம் செயல்படத் தொடங்கியது.

ஆக, 1980-களில் சீர்காழியில் பிறந்த ஒருவருக்கு பள்ளி சான்றிதழில் தஞ்சாவூர் மாவட்டம், பழைய வாக்காளர் அட்டையில் நாகை மாவட்டம், புதிய ஆதாரில் மயிலாடுதுறை மாவட்டம் என்று இருக்கலாம். மூன்றுமே அந்தந்த காலத்துக்கு சரிதான். வலங்கைமான்காரர்களுக்கும் இப்படித்தான், தஞ்சாவூரில் இருந்து திருவாரூருக்குப் போனவர்கள்.

பிறந்த இடமாகப் பழைய மாவட்டம் இருந்தால் பதற வேண்டாம். பள்ளி சான்றிதழை இதற்காக மாற்றத் தேவை இல்லை. ஆனால் இப்போது குடியிருக்கும் முகவரியில் பழைய மாவட்டம் இருந்தால் புதுப்பித்துக்கொள்வது நல்லது. பின்கோடு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். கும்பகோணத்துக்கு 612001, தஞ்சாவூருக்கு 613001. இதில் ஒரு எண் மாறினாலும் தபாலில் வரும் அட்டை வேறு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்.

ரேஷன் கார்டில் நடிகை படம்!

தவறு எல்லாம் நம்முடையது என்று நினைத்துவிடக் கூடாது. 2017 ஏப்ரல் 1-ந்தேதி தமிழகத்தில் ஸ்மார்ட் ரேஷன் கார்டு கொடுக்க ஆரம்பித்தார்கள். கோடிக்கணக்கான அட்டைகளை அவசர அவசரமாக அச்சடித்ததில் பெயர் மாற்றம், படம் மாற்றம், ஊர் மாற்றம் என்று பிழைகள் குவிந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் சேலம் மாவட்டம் ஓமலூர் பகுதியில் ஒரு மூதாட்டிக்கு வந்த அட்டையில் நடிகை காஜல் அகர்வாலின் படம் இருந்தது. ஊரே சிரித்தது. ஆனால் திருத்துவதற்கு அலைந்தது என்னவோ அட்டைக்காரர்தான்.

பிழை யார் செய்தது என்றாலும் அதைக் கண்டுபிடித்து மனு கொடுக்க வேண்டியது நாம்தான். அதனால் எந்த அட்டை வாங்கினாலும் அந்த இடத்திலேயே, கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே, பெயர், இனிஷியல், பிறந்த தேதி, முகவரி நான்கையும் படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை.

எதை முதலில் திருத்துவது?

நிறைய பேர் தவறு செய்வது இங்கேதான். ஆதாரை ஒரு மாதிரி மாற்றிவிட்டு, பிறகு பள்ளி சான்றிதழைப் பார்த்து மறுபடியும் மாற்ற ஓடுவார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம். பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். பாலினத்தையும் ஒரு முறைதான். அதனால் வரிசை முக்கியம்.

* படித்தவர்கள்: 10-ம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ள பெயர், பிறந்த தேதியை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு சான்றிதழ் இருந்தால் அதோடு ஒத்துப் பாருங்கள்.

* படிக்காதவர்கள்: பட்டா, பேங்க் பாஸ்புக், வாக்காளர் அட்டை இவற்றில் எந்தப் பெயர் அதிகமாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

* அந்த ஒரே பெயரை ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு பேப்பரில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த பாரம் நிரப்பினாலும் அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

* முதலில் ஆதாரை சரி செய்து, அதை வைத்து மற்றவற்றை வரிசையாகத் திருத்தினால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

ஆதார் அட்டை

2010 செப்டம்பரில் மகாராஷ்டிர மாநிலத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பிறகு நம் ஊர்களில் பள்ளிக்கூடங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் வரிசையில் நின்று எடுத்தோம். அப்போது வயதான பலருக்கு பிறந்த தேதி தெரியாது. "எவ்வளவு வயசு இருக்கும் பாட்டி?" என்று கேட்டு குத்துமதிப்பாகப் போட்டுவிட்டார்கள். ஜனவரி 1-ந்தேதி பிறந்தவர்கள் ஊரில் இவ்வளவு பேர் இருப்பதற்கு இதுதான் காரணம்!

இந்தக் குத்துமதிப்பு வயதுதான் இப்போது வினையாகிறது. 60 வயதைத் தாண்டியவருக்கு ஆதாரில் 56 என்று இருந்தால் முதியோர் உதவித்தொகை மனு தள்ளுபடி ஆகும்.

திருத்துவதற்கு தாலுகா அலுவலக ஆதார் மையம், தபால் நிலையம், சில வங்கிக் கிளைகளுக்குப் போகலாம். 2025 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி பெயர், முகவரி, பிறந்த தேதி, செல்போன் எண் திருத்த ரூ.75. கைரேகை, கருவிழி, போட்டோ புதுப்பிக்க ரூ.125. இதற்கு மேல் கேட்டால் 1947 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

குழந்தைகளுக்கு எடுக்கும் நீல நிற ஆதாரில் கைரேகை இருக்காது. அதனால் 5 வயது ஆனதும் ஒரு முறையும், 15 வயது ஆனதும் ஒரு முறையும் கைரேகை, கருவிழி பதிய வேண்டும். 5 முதல் 7 வயதுக்குள்ளும், 15 முதல் 17 வயதுக்குள்ளும் பதிந்தால் காசு கிடையாது. இதை விட்டுவிட்டு, பிள்ளை பிளஸ்-2 முடித்து விண்ணப்பம் போடும்போது ஓடுபவர்கள் நிறைய பேர்.

செல்போன் எண்ணை மாற்றியவர்கள் அதை ஆதாரிலும் மாற்றியாக வேண்டும். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். இதற்கு எந்த ஆவணமும் தேவை இல்லை. ஊருக்கு வரும் தபால்காரர் மூலமும் இதைச் செய்துகொள்ளலாம்.

கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு புகுந்த வீட்டு முகவரியில் தன் பெயரில் ஒரு சீட்டும் இருக்காது. கவலை வேண்டாம். குடும்பத் தலைவரின் ஆதாரையும், உறவைக் காட்டும் ரேஷன் கார்டு அல்லது திருமணச் சான்றிதழையும் வைத்து முகவரியை மாற்ற 2023-ல் வழி செய்யப்பட்டது. குடும்பத் தலைவர் சம்மதம் தெரிவித்தால் போதும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆதார் ஒரு அடையாள அட்டைதான், வயதுக்கான சான்று அல்ல. இதை ஆதார் ஆணையமே சொல்லியிருக்கிறது. 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதை முடிவு செய்ய ஆதாரை விட பள்ளி சான்றிதழே பொருத்தமானது என்று கூறியது. அதனால் பிறப்பு சான்றிதழையும் டி.சி.யையும் பத்திரமாக வையுங்கள்.

ரேஷன் கார்டு

ரேஷன் கார்டு அரிசி, சீனிக்கு மட்டும் அல்ல. முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெற ஆஸ்பத்திரியில் கேட்பதும் இதைத்தான். 2023 செப்டம்பர் 15-ந்தேதி மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோதும் ஒரு கார்டுக்கு ஒரு பெண் என்றுதான் கணக்கு எடுத்தார்கள். கார்டில் பெயர் இல்லை என்றால் அந்த வீட்டில் ஆளே இல்லை என்று அர்த்தம்.

பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம், குடும்பத் தலைவர் மாற்றம் ஆகியவற்றுக்கு உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்திலோ, இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். தாலுகா அலுவலகத்தில் வட்ட வழங்கல் அலுவலர்தான் இதற்குப் பொறுப்பு. மாதந்தோறும் 2-வது சனிக்கிழமை தாலுகா வாரியாக ரேஷன் குறைதீர் முகாம் நடத்துவது வழக்கம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. புகாருக்கு 1967 என்ற எண்.

கவனிக்க வேண்டியவை:-

* கல்யாணமான பெண்ணின் பெயரை பிறந்த வீட்டு கார்டில் நீக்கினால்தான் புகுந்த வீட்டு கார்டில் சேர்க்க முடியும். ஒரே ஆதார் எண் இரண்டு கார்டில் ஏறாது.

* குழந்தை பிறந்ததும் பெயரோடு பிறப்பு சான்றிதழ் வாங்கி, ஆதார் எடுத்து, கார்டில் சேர்த்துவிடுங்கள்.

* இறந்தவர் பெயரை இறப்பு சான்றிதழ் கொடுத்து நீக்க வேண்டும். "இருந்துட்டுப் போகட்டுமே" என்று விட்டால் விசாரணை வரும்போது பதில் சொல்ல வேண்டி இருக்கும். குடும்பத் தலைவரே இறந்திருந்தால் தலைவர் பெயரையும் மாற்ற வேண்டும்.

* கார்டில் என்ன வகை என்று அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். முன்னுரிமை அட்டை, அந்தியோதயா, முன்னுரிமை இல்லாதது, சர்க்கரை அட்டை, பொருள் இல்லா அட்டை என்று பல வகை உண்டு. தவறான வகையில் போட்டிருந்தால் மாற்றக் கோரி மனு கொடுக்கலாம்.

நாற்று நட்டு, களை பறித்து, சேற்றில் ஊறிய கைகளுக்கு ரேகை தேய்ந்து போயிருக்கும். ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் விழாது. அதற்காக பொருள் கொடுக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. கருவிழி பதிவு, ஓ.டி.பி. போன்ற மாற்று வழிகள் உண்டு. கடைக்கு வரவே முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் தங்களுக்குப் பதிலாக வேறு ஒருவரை நியமிக்க எழுதிக் கொடுக்கலாம். ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்தால் சிலருக்கு சரியாகிவிடும்.

வாக்காளர் அட்டை

போட்டோவுடன் வாக்காளர் அட்டை என்ற திட்டத்தை 1993-ல் கொண்டுவந்தவர் அப்போதைய தலைமை தேர்தல் கமிஷனர் டி.என்.சேஷன். இதில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, அட்டை கையில் இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நினைப்பது. ஓட்டு இருப்பது பட்டியலில்தான், அட்டையில் அல்ல. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், பான், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைக் காட்டி ஓட்டுப் போடலாம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இதன் அருமை 2025 கடைசியில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4-ந்தேதி தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம் தொடங்கியது. வீடு வீடாக பாரம் கொடுத்து, 2002, 2005-ம் ஆண்டு பட்டியல்களில் தன் பெயரோ, பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். 20 ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் 'லெட்சுமி' என்றும் இப்போது 'லட்சுமி' என்றும் இருந்தவர்கள் தேடித் தேடி களைத்துப் போனார்கள். டிசம்பர் 19-ந்தேதி வெளியான வரைவு பட்டியலில் மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவு என்று காரணம் சொல்லப்பட்டது. திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய், பாரம் கொடுக்க வந்தபோது வீட்டில் இல்லாதவர்கள் பெயரை இதில் தேடிப் பார்த்து, விடுபட்டிருந்தால் மறுபடியும் மனு கொடுக்க வேண்டி வந்தது.

என்ன செய்ய வேண்டும்?

* புதிதாகப் பெயர் சேர்க்க படிவம் 6.
* பெயரை நீக்க படிவம் 7.
* பெயர், வயது, படம், முகவரி திருத்த, வீடு மாற, புதிய அட்டை வாங்க எல்லாவற்றுக்கும் படிவம் 8.

இதை உங்கள் பகுதி வாக்குச்சாவடி அலுவலரிடமோ, தாலுகா அலுவலகத்திலோ, ஆன்லைனிலோ கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. சந்தேகத்துக்கு 1950. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் 18 வயது ஆகிறவர்கள் சேரலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடாமல் ஆண்டுக்கு ஒரு முறையாவது பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஊரில் ஒன்று, வேலை செய்யும் இடத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தவறு. பொய்யான விவரம் எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை ஜெயில் தண்டனைக்கு இடம் உண்டு.

பட்டாவும் விவசாயியும்

நம் பகுதிக்கு இதுதான் முக்கியம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையைக் கொண்டுபோனால் சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக் கேட்பார்கள். நெல்லுக்கான பணம் கையில் வராது, கணக்குக்குத்தான் போகும். சம்பா பயிர் காப்பீட்டுக்கும் இதே ஆவணங்கள்தான். 2025-ல் தொடங்கிய விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பதிவிலும் ஆதார் பெயரையும் நிலப் பதிவேட்டுப் பெயரையும் ஒத்துப் பார்த்தார்கள்.

ஆனால் பட்டா யார் பெயரில் இருக்கிறது? பல வீடுகளில் தாத்தா பெயரிலேயே இருக்கும். அண்ணன் தம்பி நாலு பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். 1980-களில் நடந்த யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது விழுந்த பிழை அப்படியே கம்ப்யூட்டரிலும் ஏறியிருக்கும்.

* பட்டாதாரர் இறந்திருந்தால் இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ் வாங்கி பெயர் மாற்றம் கேட்க வேண்டும்.

* எழுத்துப் பிழை என்றால் கிரய பத்திரம், பழைய பட்டா நகலை வைத்து தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். யு.டி.ஆர். காலத்துத் தவறு என்றால் கோப்பு மேல் அதிகாரிகள் வரை போகும், நாள் பிடிக்கும். அதனால் தள்ளிப்போடாமல் இப்போதே ஆரம்பிப்பது நல்லது.

* பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிகிறது. அதற்கு முன்பாக தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கும். பட்டா தொடர்பான மனு கொடுக்க அது நல்ல நேரம். இல்லாவிட்டால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம்.

* கோவில், மடத்து நிலத்தை குத்தகைக்கு சாகுபடி செய்பவர்களுக்கு பட்டா வராது. 1969-ம் ஆண்டு குத்தகை உரிமை பதிவுச் சட்டப்படி தங்கள் பெயர் பதிவாகி இருக்கிறதா, அடங்கலில் சாகுபடியாளர் பெயர் சரியாக ஏறுகிறதா என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பணம் எங்கே போச்சு?

"பணம் அனுப்பிட்டோம்னு சொல்றாங்க, கணக்குல ஒண்ணும் இல்லையே" என்று புலம்புபவர்கள் உண்டு. பெரும்பாலும் பணம் வேறு எங்கும் போயிருக்காது, உங்களுடைய இன்னொரு கணக்கில்தான் கிடக்கும். ஆதார் வழியாக வரும் அரசு பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதாரை உதவித்தொகைக்காக இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். புதிதாக ஒரு கணக்கு தொடங்கியபோது நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருப்போம். அதில் இணைப்பு மாறியிருக்கும். எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

100 நாள் வேலைத் திட்டத்தில் 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழி சம்பளம் கட்டாயம் ஆனபோது, வேலை அட்டைப் பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போகாதவர்கள் சம்பளத்துக்கு அலைந்ததை மறக்க முடியாது.

பிள்ளைகளின் சான்றிதழ்

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். அதன்பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 வயது வரை சேர்க்கலாம். "பேரு அப்புறம் வெச்சுக்கலாம்" என்று பெயர் இல்லாத சான்றிதழை வைத்திருப்பவர்கள் உடனே சேர்த்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு பள்ளி சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்பு சான்றிதழ் ஒன்றுதான். சட்டமே அப்படி மாறிவிட்டது.

10-ம் வகுப்பு பொதுத்தேர்வுக்குப் பெயர் பட்டியல் அனுப்பும்போது பெற்றோரை அழைத்துச் சரிபார்க்கச் சொல்வார்கள். அன்று கூலி போனாலும் பரவாயில்லை, நேரில் போய்ப் பாருங்கள். மார்க் ஷீட் அச்சாகி வந்த பிறகு திருத்துவது லேசான காரியம் அல்ல.

திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னை தொழிற்சாலை என்று வேலைக்குப் போனவர்கள் பி.எப். கணக்கிலும் பெயரைப் பாருங்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு யு.ஏ.என். எண் பெற்று, அது ஆதாருடன் சரிபார்க்கப்பட்டிருந்தால், பெயர், பிறந்த தேதி போன்றவற்றை முதலாளி கையெழுத்து இல்லாமலே ஆன்லைனில் திருத்திக்கொள்ள 2025 ஜனவரியில் வழி செய்யப்பட்டது.

புரோக்கர்களிடம் உஷார்

"ஐந்நூறு கொடுங்க, எல்லாத்தையும் நான் மாத்தித் தர்றேன்" என்று வாசலில் நிற்பவர்களை நம்ப வேண்டாம். காசு போவது மட்டும் அல்ல, ஆதார் எண், பாஸ்புக், கைரேகை எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும்.

2020-ல் பி.எம்.கிசான் திட்டத்தில் நடந்தது நினைவிருக்கும். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்பட பல மாவட்டங்களில் விவசாயி அல்லாத லட்சக்கணக்கானோர் பெயரில் சுமார் ரூ.110 கோடி எடுக்கப்பட்டது. "கொரோனா பணம் வரும், ஆதாரைக் கொடு" என்ற பேச்சை நம்பி அட்டையை நீட்டிய ஏழைகள் பிறகு அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வந்தது.

* ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போது எதற்காக, எந்த தேதியில் கொடுக்கிறோம் என்று அதன் மேலேயே எழுதி கையெழுத்துப் போடுங்கள்.

* கடைசி 4 எண் மட்டும் தெரியும் ஆதாரை இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். லாட்ஜ் போன்ற இடங்களில் அதைக் கொடுத்தால் போதும்.

* ஓ.டி.பி. எண்ணை போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

* 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின்படி சிம் கார்டு வாங்கவும், வங்கிக் கணக்கு தொடங்கவும் ஆதார் கட்டாயம் இல்லை. வேறு அடையாளச் சான்றும் கொடுக்கலாம்.

* எந்த மனு கொடுத்தாலும் ஒப்புகை சீட்டு வாங்காமல் வராதீர்கள். அந்த எண் இருந்தால்தான் மனு எங்கே நிற்கிறது என்று கேட்க முடியும்.

புயலுக்கு முன்னே...

2018 நவம்பர் 16-ந்தேதி வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் ஓடும் கீற்றும் பறந்த வீடுகளில் பெட்டியில் இருந்த பத்திரம், சான்றிதழ் எல்லாம் நனைந்து போயின. ஆண்டுதோறும் மழையும் புயலும் பார்க்கும் ஊர் நம்முடையது. எல்லா அட்டைகளையும், பத்திரத்தையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். அசலை தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். செல்போன் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகள் மத்திய அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏற்றி வைத்துவிடலாம்.

இந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் உள்ள எல்லோருடைய அட்டைகளையும் தரையில் பரப்பி வைத்து, பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, முகவரி, செல்போன் எண் ஐந்தையும் ஒன்றோடு ஒன்று ஒத்துப் பாருங்கள். மாறுவதை எல்லாம் ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டு ஆதாரில் இருந்து ஆரம்பியுங்கள். அறுவடை தொடங்கி, மூட்டை களத்தில் கிடக்கும்போது தாலுகா ஆபீசில் கியூவில் நிற்க நேரம் இருக்காது.